மரத்தடியைப் பார்த்து ரேட் சொல்லுங்கள்

கே.ஆர். புரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தர்மபுரிக்காரர். பெங்களூரில் பல வருடமாக வீடு வீடாகத் தென்னை ஏறிக் காய் பறித்து, மட்டை கழித்துக் கொடுக்கிறார். இப்போது அபார்ட்மெண்ட்களில் கூப்பிட்டு, கார் நிறுத்தும் இடத்தின் மேல் படர்ந்திருக்கும் தூங்குமூஞ்சி மரக் கிளைகளை வெட்டச் சொல்கிறார்களாம். 3,500 ரூபாய் கேட்டதற்கே "ஜாஸ்தி" என்றார்களாம். கட்டிட வேலைக்கு விற்கிற பாதுகாப்பு பெல்ட் இதற்குப் போதுமா, ரேட் எப்படிப் போடுவது, ஊரிலிருக்கும் மைத்துனரைத் துணைக்கு வரச்சொல்லலாமா என்று கேட்கிறார்.

பெல்ட் போதாது. தளை போட்டுத் தென்னை ஏறிய அனுபவமும் இங்கே பாதிக்குத்தான் உதவும். தென்னையில் மரத்தைக் கட்டிக்கொண்டே ஏறி இறங்கலாம். கேரளத்தின் செம்பேரி மாடல் ஏறும் கருவிகூட, கிளையில்லாமல் நேராகப் போகும் தென்னை, பாக்கு போன்ற மரங்களுக்காகச் செய்ததுதான். தூங்குமூஞ்சி அப்படியா? பத்தடி உயரத்திலேயே பிரிந்து, பக்கவாட்டில் ஓடும். கிளையின் நுனிப்பக்கம் நடந்து போய், இரண்டு கையாலும் ரம்பம் பிடிக்க வேண்டும். அப்போது உங்களை வேறு ஏதாவது தாங்கியாக வேண்டும்.

கட்டிடத் தளத்து ஃபுல் பாடி ஹார்னஸில், அதாவது நீங்கள் கேட்கும் அந்த உடல் முழுக்க மாட்டும் பெல்ட்டில், முக்கிய வளையம் முதுகில் இருக்கும். விழுந்தால் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. தொங்கிக்கொண்டே வேலை செய்ய அது லாயக்கில்லை. அதோடு வரும் கொக்கிக் கயிற்றில் தைத்து மடித்த பொட்டலம் ஒன்று இருக்குமே, விழும்போது அந்தத் தையல் பிரிந்து நீண்டுதான் அதிர்ச்சியைத் தாங்கும். கயிற்றின் நீளம், பிரியும் தையல், உங்கள் உயரம் எல்லாம் சேர்த்தால், கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே ஏறக்குறைய 6 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். 5 மீட்டர் உயரக் கிளையில் மாட்டிவிட்டு விழுந்தால், பெல்ட் பிடித்து நிறுத்துவதற்குள் தரை வந்துவிடும். ஐஎஸ் 3521 என்ற இந்தியத் தர முத்திரை இருந்தாலும் இதே கதைதான். முத்திரை பொய்யில்லை, அது வேறு வேலைக்கான சாமான்.

உங்களுக்கு வேண்டியது இடுப்பிலும் தொடையிலும் எடையைத் தாங்கி உட்காரவைக்கும் ஹார்னஸ். இடுப்புக்கு நேரே முன்னால் ஒரு வளையம், பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு வளையம் இருக்கும். லேபிளில் இஎன் 813, இஎன் 358 என்ற இரண்டு ஐரோப்பியத் தர எண்களும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கயிறு. இஎன் 1891, ஏ வகை, 11.5 முதல் 13 மில்லிமீட்டர் தடிமன். மெல்லிய கயிறு விலை குறைவு, ஆனால் கையில் பிடி நிற்காது. கிளைக்கு மேலே போட்டு இரட்டையாகத் தொங்கவிட்டு ஏறுவதால், மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கும் அதற்கு மேல் கொஞ்சமும் வேண்டும். 45 மீட்டர் வாங்கினால் பெங்களூரின் வீட்டு மரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். கயிற்றை ஹார்னஸோடு இணைக்கும் உலோகக் கொக்கியான காரபைனர் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும், அதன் உடம்பில் தாங்கும் விசை 22 கிலோநியூட்டன் என்றாவது பொறித்திருக்க வேண்டும். பக்கவாட்டு வளையங்களில் மாட்டிக் கிளையைச் சுற்றிப் போட, உள்ளே இரும்புக் கம்பி ஓடும் குட்டைக் கயிறு ஒன்று. செயின்சா பட்டால் சாதாரணக் கயிறு நொடியில் போய்விடும். இது கொஞ்சம் அவகாசம் தரும். மரத்தில் செயின்சாவைக் கிளப்பும்போது ஏறும் கயிறு, இந்தக் குட்டைக் கயிறு இரண்டும் மாட்டியிருக்க வேண்டும், விதிவிலக்கு கிடையாது. ஆனால் முதல் வருடம் செயின்சாவே வேண்டாம் என்பேன். நல்ல வளைந்த இழுப்பு ரம்பம் ஒன்று, மணிக்கட்டுக் கனத்துக் கிளைகளை எல்லாம் சத்தமில்லாமல் முடித்துவிடும்.

ஹெல்மெட்டுக்கு முகவாய் வார் முக்கியம். மரத்தில் முக்கால்வாசி நேரம் குனிந்து கீழேதான் பார்ப்பீர்கள். வார் இல்லாத ஹெல்மெட் கீழே நிற்பவர் தலையில் போய் விழும். காலில் கட்டும் இரும்பு முள்ளை யாராவது விற்க வந்தால், அடியோடு வெட்டப்போகும் மரத்துக்கு மட்டும் என்று நினைவில் வையுங்கள். கிளை மட்டும் கழிக்கும் மரத்தில் ஒவ்வொரு முள் குத்தும் ஒரு புண்.

இத்தனையிலும் அடிக்கடி பார்க்க வேண்டியது கயிறுதான். ஏறும் முன் வெறும் கையால், ஒரு சாண் ஒரு சாணாக வளைத்துக்கொண்டே போங்கள். நல்ல கயிறு எல்லா இடத்திலும் ஒரே வட்டமாக வளையும். எங்கேயாவது சட்டென்று மடிந்தாலோ, உள்ளே தொளதொளவென்று அமுங்கினாலோ, மேல் உறை உருகி வழவழவென்று மின்னினாலோ அந்தக் கயிற்றின் ஆயுள் முடிந்தது. வேகமாகச் சறுக்கி இறங்குகிறவர்களின் கயிறுதான் சீக்கிரம் இப்படி ஆகும், ஏறும் கயிற்றைப் பிடித்திருக்கும் முடிச்சு உரசும் சூட்டில். போன கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். முழுசாக வைத்தால் ஆறு மாதம் கழித்து யாராவது அதில் ஏறுவார்கள். கட்டையை இறக்க எப்போதும் வேறு கயிறுதான். 40 செ.மீ. குறுக்களவுள்ள பச்சைக் கட்டை ஒரு மீட்டர் நீளத்துக்கே நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த உதறல் வாங்கிய கயிற்றில் நீங்கள் தொங்கக் கூடாது.

சரி, ரேட். மரத்துக்கு இவ்வளவு என்று சொல்லும் வழக்கம் தென்னையிலிருந்து வந்தது. கிளை வேலையில் அது கைக்காசு போகும் கணக்கு. ஒரே அளவுள்ள இரண்டு மரங்கள். ஒன்று காலி மனையில், இன்னொன்று சிமெண்ட் ஷீட் போட்ட கார் ஷெட்டுக்கு மேலே. முதல் மரத்தில் வெட்டிக் கீழே தள்ளிவிட்டுப் போய்விடலாம். இரண்டாவதில் ஒவ்வொரு துண்டையும் கட்டி இறக்க வேண்டும். ஆகவே மரத்தடியில் நின்று மேலே பார்ப்பதற்கு முன் கீழே பாருங்கள். எத்தனை துண்டைக் கட்டி இறக்க வேண்டியிருக்கும் என்று எண்ணுங்கள். துண்டுக்குக் கால் மணி நேரம் வைக்கலாம். 20 துண்டு என்றால் 5 மணி நேரம் இதற்கே சரி. கயிறு போட, கூட்டி அள்ள எல்லாம் சேர்ந்தால் ஒரு முழு நாள்.

அடுத்து ஒரு நாளைக்கு உங்களுக்கு என்ன செலவு என்று போடுங்கள். எண்கள் உங்கள் பகுதிக்கு மாறும், போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே நிற்கும் இரண்டு பேருக்கு 2,000. ஏறும் உங்கள் கூலி 2,500. கிளைகளை ஏற்றிப்போக டெம்போ 2,500. பெட்ரோல், ஆயில், ரம்பம் தீட்ட 500. சாமான்களுக்கு மொத்தம் 60,000 போட்டு மூன்று வருடத்தில் மாற்றுவதாக வைத்தால் வருடத்துக்கு 20,000; வருடத்தில் 100 நாள் இந்த வேலை கிடைத்தால் நாளுக்கு 200. நல்ல சாமான் வாங்கக் கட்டுப்படியாகாது என்று சொல்பவர்கள் இந்த 200-ஐப் பார்க்க வேண்டும், ஆட்களுக்கு வாங்கும் மதிய பிரியாணிக்கு அதைவிட அதிகம் ஆகும். மொத்தம் 7,700. மழையில் சும்மா இருக்கும் நாள், எஸ்டிமேட் பார்க்க அலையும் நாள், உங்கள் லாபம் இதற்கெல்லாம் ஒரு 2,300 சேர்த்தால் 10,000. நீங்கள் 3,500-க்கு ஒப்புக்கொண்டிருந்தால், ஆள் கூலி கொடுத்த பிறகு டெம்போவுக்கே பணம் போதாது. அவர்கள் மறுத்தது நல்லதாகப் போயிற்று.

"கட்டையை எடுத்துக்கொண்டு ரேட்டைக் குறையுங்கள்" என்பார்கள். கழிக்கும் கிளைக் கட்டையை நம்பிக் குறைக்காதீர்கள், ஏற்றுக்கூலி போக ஒன்றும் தேறாது. ஏப்ரல், மே மாதக் காற்று மழையில் குல்மோகர் முறிந்து கிடந்தால் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுவார்கள். பாதி முறிந்து தொங்கும் கிளை எந்தப் பக்கம் உதறும் என்று சொல்ல முடியாது. விடிந்த பிறகு, வேறு ரேட்டில் போங்கள். மின்கம்பி கிட்டே இருந்தால் மின்சார நிறுவனமான பெஸ்காமின் 1912-க்குச் சொல்லி, லைனை நிறுத்தியதை உறுதி செய்த பிறகுதான் ஏணியையே எடுக்க வேண்டும்.

அனுமதி விஷயத்தை ரேட்டுக்குள் கொண்டுவராதீர்கள். 1976-ஆம் வருடத்து கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, தனியார் இடத்து மரத்தை வெட்டவும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும். கிளை கழிப்பதுதானே என்று நினைத்துப் பெரிய கிளைகளைச் சாய்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் வீடியோ எடுத்துப் போட்டுவிடுவார், பெங்களூர் அப்படி. பெங்களூர் மாநகராட்சியான பிபிஎம்பி போய் 2025-இல் ஐந்து மாநகராட்சிகள் வந்திருப்பதால் எந்த அலுவலகம் என்று விசாரிப்பது அபார்ட்மெண்ட் அசோசியேஷனின் வேலை. அனுமதிக் கடிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு தேதி கொடுங்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் சொல்லிவிட்டால் வழக்கும் உங்கள் பேரில்தான் வரும். காம்பவுண்டில் சந்தன மரம் இருந்தால் அதன் சுள்ளியைக்கூடத் தொடாதீர்கள், அது வனத்துறை விஷயம். கொட்டேஷனில் எந்தெந்தக் கிளை, குப்பையை யார் எடுப்பது, கார்களை எத்தனை மணிக்குள் நகர்த்த வேண்டும், பாதி முன்பணம் என்று நான்கு வரி எழுதினாலே போதும்.

மைத்துனரைத் தாராளமாக வரச்சொல்லுங்கள். இருவரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேர்ந்துவிடுங்கள். 18 முதல் 70 வயது வரை சேரலாம், வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். குறைவுதான், ஆனால் வங்கிக் கணக்கு இருந்தாலே முடிந்துவிடும். தேங்காய் பறிப்பதைத் தொடர்வதாக இருந்தால், தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீடு பற்றி பெங்களூரில் உள்ள அதன் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள்.

மைத்துனருக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது ரம்பம் பிடிப்பதை அல்ல, உங்களை இறக்குவதை. மலைத்தேனீ கொட்டியோ வெயிலில் மயங்கியோ ஹார்னஸில் அசையாமல் தொங்கினால், கால்களில் ரத்தம் தேங்கி நிமிடக் கணக்கில் ஆபத்து. தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது. ஆளுயரக் கிளையில் நீங்கள் தொங்க, அவர் இன்னொரு கயிற்றில் ஏறி உங்களை இறக்கிப் பழகட்டும். அதற்கு இரண்டாவது ஹார்னஸும் கயிறும் வேண்டும், மேலே போட்ட 60,000-இல் அதுவும் அடக்கம்.