பணம் கட்டினால் கடல் காப்பகத்தில் மீன் பிடிக்க உரிமை கிடைக்குமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை பார்க்கிறேன். வாரக்கடைசியில் உம்கோமாஸ் கரையில் தூண்டில் போடுவேன். கொள்ளுத்தாத்தா டர்பன் குடாவில் வலை இழுத்தவர். இப்போது ஒருவர் வந்து, "ட்வேசா தீர்ப்புக்குப் பிறகு பரம்பரை மீனவரைக் காப்பகத்தில் தடுக்க முடியாது. பணமும் அடையாள அட்டை நகலும் கொடுங்கள், கூட்டுறவுச் சங்கத்தில் சேர்த்து 15 வருட உரிமை வாங்கித் தருகிறேன்" என்கிறார். நம்பலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணம் மட்டுமல்ல, அடையாள அட்டை நகலையும்தான். அந்த உரிமை விற்பனைக்கு உள்ள பொருளே இல்லை. மீன்வளத் துறை சரிபார்த்துப் பட்டியலில் ஏற்ற மீனவர்களின் சங்கத்துக்கே அது போகும். மொத்தமாகப் பத்து வருடமாவது மீன் பிடிப்பதிலோ பதப்படுத்துவதிலோ விற்பதிலோ இருந்திருக்க வேண்டும், பிழைப்பின் பெரும்பகுதி அதிலிருந்தே வரவேண்டும். கொள்ளுத்தாத்தா இழுத்த வலை உங்கள் கணக்கில் சேராது. உங்கள் நகலைக் கையில் வைத்திருக்கும் ஆள் அதை எந்தப் பட்டியலில் சொருகுவார் என்று யாருக்குத் தெரியும்? உண்மையான மீனவப் பெண்களின் இடத்தில் கடலையே பார்க்காதவர் பெயர் வந்து நிற்பது இப்படித்தான்.

ட்வேசா விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லா ஏமாற்றும் அதை வைத்துத்தான் நடக்கிறது. கிழக்கு கேப்பின் ட்வேசா-க்வேபே கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களின் கடலை அரசு 2000-இல் மீன்பிடியே கூடாத காப்பகமாக்கியது. 2010-இல் தூண்டிலோடு போன மூன்று பேரைப் பிடித்தார்கள், பிறகு தண்டித்தார்கள். 2018-இல்தான் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அந்தச் சமூகத்துக்கு வழக்காற்று உரிமை உண்டு, 1998-ஆம் வருடத்துக் கடல்வளச் சட்டம் அதை அழிக்கவில்லை என்றது. தங்கள் கரையில் மீன் பிடிக்கலாம் என்று கேட்டு வாங்க எட்டு வருடம்! ஆனால் நீதிமன்றம் ஏற்றது அந்த ஊரின் வழக்காற்றை, அதாவது பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தபடி தேவைக்கு மட்டும் பிடிப்பது, குஞ்சு மீனைத் திரும்பக் கடலில் விடுவது போன்ற கட்டுப்பாடுகளோடு சேர்ந்த உரிமையை. அந்த ஊர்க்காரர் உம்கோமாஸுக்கு வந்தால்கூட அந்த உரிமை கூடவே வராது. அப்புறம் நமக்கு எப்படி வரும்? அவர்கள் கடலைக் காத்ததற்குக் கிடைத்த தீர்ப்பைத் தரகர்கள் விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சங்கங்களுக்கு உரிமை தரும் சிறு மீனவர் கொள்கை 2012-இல் வந்தும் விதிமுறை வர 2016 ஆனது. துறை இப்படி இழுத்தடிப்பதால்தான் தரகருக்கு வேலை இருக்கிறது.

சரி, உங்களுக்குத் தபால் அலுவலகத்தில் வாங்கும் பொழுதுபோக்கு அனுமதியே போதும். பிடித்த மீனை விற்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்குக்கூட. அங்கே அலிவால் ஷோல் காப்பகம் இருப்பதால், எந்த இடத்தில் தூண்டில் போடலாம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், மண்டலத்துக்கு மண்டலம் விதி மாறும். ஷாட் மீன் என்றால் ஒரு நாளைக்கு நான்கு, 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல். அக்டோபரிலும் நவம்பரிலும் ஒன்றுகூடக் கூடாது.