ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுபவர்களும் படிப்பவர்களும் ஏன் அதே கதைக்கருக்களையே தேடிப் போகிறார்கள்?

பிடிக்காத கல்யாணம், காய்ச்சலில் கிடப்பது, செத்தவர் பிழைத்து வருவது, மன்னிப்புக் கேட்டு வாசலில் நிற்பது. ஏற்கெனவே உள்ள சீரியல், நாவல் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் எந்தக் கதையைத் திறந்தாலும் இவைதானே வருகின்றன, சலிக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருஷமாக இவற்றைப் படித்துவருகிறேன், ஒரு சின்னத்திரை ஜோடிக்காக எழுதியும் வருகிறேன். எனக்குச் சலிக்கவில்லை. மூலக்கதை அவசரமாகத் தாண்டிப் போன இடத்தில்தான் ரசிகர் கதை போய் உட்காருகிறது. கதை சொல்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய அதே இடங்களைத்தான் தாண்டுகிறார்கள். அதனால்தான் எங்கள் கதைகளும் அதே இடங்களில் கூடுகின்றன.

நான் எழுதும் ஜோடியின் சீரியலில் நாயகனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை விபத்து. திங்கள்கிழமை நெற்றியில் ஒரு பிளாஸ்திரியோடு கூடத்தில் நின்று சித்தியிடம் சண்டை போடுகிறான். நடுவில் ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், முதல் தடவை எழுந்து நடந்தபோது யார் தோளைப் பிடித்துக்கொண்டான், ஒன்றும் இல்லை. அன்று ராத்திரியே அந்த இடைவெளியை எழுத ஆரம்பித்துவிட்டேன். அமெரிக்காவில் 1960களில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகைகளுக்கும் இதே ஏக்கம் இருந்தது. வாரத்துக்கு ஒரு தனிக்கதை என்பதால், அதில் வரும் ஸ்பாக்குக்கு இந்த வாரம் என்ன ஆனாலும் அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காததுபோல் விண்கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். 1967இல் ‘ஸ்பாக்கனேலியா’ என்ற ரசிகர் இதழ் வந்தது. அதன் வழியில் வந்த இதழ்களில், ஒருவர் அடிபட்டுக் கிடக்க இன்னொருவர் பார்த்துக்கொள்ளும் கதைகள் தனி வகையாகவே வளர்ந்தன. ‘ஹர்ட் கம்ஃபர்ட்’ என்று இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

பெரம்பூரில் ஒரு அக்கா என் கதைகளைப் படிப்பார். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஒரு கதையில் நாயகிக்குக் காய்ச்சல் வந்து, அவன் கஞ்சி வைக்கத் தெரியாமல் அடிப்பிடிக்க விட்டு, மறுபடி வைத்துக் கொண்டுவந்து ஊட்டுவான். “அந்த சீனை இன்னும் ரெண்டு பக்கம் இழுத்திருக்கக் கூடாதா? எல்லாரையும் நான் பார்த்துக்கறேன்மா. என்னை ஒருத்தர் பார்த்துக்கற மாதிரி கதையிலயாவது இருக்கட்டுமே” என்றார். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. அடுத்த கதையில் அவருக்காகவே டைபாய்டு வரவைத்தேன். டைபாய்டு என்றால் குணமாக வாரக்கணக்கில் ஆகும்.

கல்யாணத்துக்கு வருவோம். ஆங்கிலக் கதைகளில் எதிரிகள் இருவர் மெல்ல மெல்லக் காதலர்கள் ஆவார்கள். மழைக்கு ஒதுங்கிய விடுதியில் ஒரே ஒரு கட்டில்தான் இருக்கும். நம் கதைகளில் முதலில் தாலி ஏறிவிடும். இருவரும் ஆளுக்கொரு அறையில் முறைத்துக்கொண்டு இருப்பார்கள். பொங்கலுக்கு அத்தை குடும்பத்தோடு வந்து இறங்க, வேறு வழியில்லாமல் இருவரும் ஒரே அறைக்குப் போக வேண்டியிருக்கும். படிப்பவர்களில் பலர் பெண் பார்க்க வந்த அன்று காப்பித் தட்டோடு ஒரு முறை பார்த்தவரைக் கட்டிக்கொண்டவர்கள், அல்லது அப்படிக் கட்டிக்கொண்டவர்களின் மகள்கள். அந்நியராக இருந்த ஆள் எந்த நிமிஷத்தில் நம்மவர் ஆனார் என்பது அவர்கள் வாழ்க்கையிலேயே யாரும் உட்கார்ந்து பேசாத விஷயம். சீரியல்களோ தாலி கட்டுவதை ஒரு வாரம் காட்டிவிட்டு மறுவாரம் மாமியார் சதிக்குப் போய்விடுகின்றன. அந்த நிமிஷத்தை நாங்கள்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இது இன்று வந்த பழக்கமும் இல்லை. வால்மீகியில் வில் ஒடிவதற்கு முன் ராமனும் சீதையும் பார்த்துக்கொள்ளும் காட்சியே கிடையாது. கம்பர்தான் ராமனை மிதிலைத் தெருவில் நடக்கவிட்டு, கன்னிமாடத்தில் சீதையை நிறுத்தி, இருவர் கண்ணையும் சந்திக்க வைத்தார். கம்பரோடு எங்களை ஒப்பிடவில்லை. ஆனால் ‘இந்த இடத்தில் ஒரு பார்வை இருந்திருக்க வேண்டுமே’ என்ற தவிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது.

சரி, முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்க வேண்டும்? மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாவில் வருஷா வருஷம் கபாலீஸ்வரருக்கும் கற்பகாம்பாளுக்கும் திருக்கல்யாணம் நடக்கிறது. போன வருஷமே ஆகிவிட்டதே என்று யாரும் வீட்டில் இருந்துவிடுவதில்லை. 2009இல் தொடங்கிய ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற ரசிகர் கதைத் தளம் இந்த மனநிலையை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. கதைக்கு மேலேயே யார் யாரோடு சேர்கிறார்கள், என்ன வகை, யாராவது சாகிறார்களா என்பதையெல்லாம் குறிச்சொற்களாகப் போட்டுவிடலாம். ஆளுக்கொரு விதமாக எழுதும் குறிச்சொற்களைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒன்றோடொன்று இணைக்கிறார்கள். படிப்பவர் தனக்கு வேண்டியதைத் தெரிந்துகொண்டுதான் உள்ளே வருகிறார். நம் பக்கத்திலும் முதல் அத்தியாயத்திலேயே “ஹாப்பி எண்டிங்தானே?” என்று கேட்டு உறுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் “அடுத்த யூடி (அப்டேட், அதாவது அடுத்த அத்தியாயம்) எப்போ?” என்று ஆரம்பிப்பார்கள். கடைசியில் சேருவார்கள் என்று தெரிந்தால்தான் நடுவில் நிம்மதியாக அழ முடியும்.

எழுதுபவர்களுக்கு ஈர்ப்பு கொஞ்சம் வேறு. ஆட்களை அறிமுகப்படுத்தும் வேலை இல்லை. குந்தவை என்று எழுதினால் போதும், அந்த நிமிர்வும் நிதானமும் தானாகவே வந்து நிற்கும். 2022இல் பொன்னியின் செல்வன் படம் வந்தபோது வந்தியத்தேவனை ஓ.எம்.ஆரில் வேலைக்குச் சேர்த்து, சோழிங்கநல்லூர் சிக்னலில் வண்டி நிறுத்த வைத்த கதைகளை ஆசையாகப் படித்தேன். ராஜ்யத்தையும் குதிரையையும் எடுத்துவிட்டால் அந்த ஆளிடம் என்ன மிச்சம் இருக்கும்? வாய்த்துடுக்கும் பசியும் இருக்க வேண்டும். அருள்மொழிவர்மன் என்றால் தனக்கு வர வேண்டிய பிரமோஷனை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இவை சரியாக வந்தால் சென்னை டிராஃபிக்கிலும் அவர்களை அடையாளம் தெரியும்.

அந்தப் படத்துக்கு மூலமான கல்கியின் நாவல் கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்தது. முடிந்தவுடனேயே குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் ஆனதா என்றெல்லாம் வாசகர்கள் கேட்க, கல்கி முடிவுரையில் பதில் சொல்ல வேண்டிவந்தது. ஆனது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சாட்சி. ஆனாலும் மனசு கேட்பதில்லை. எழுத்தாளர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று தொடர்ச்சியே எழுதினார். பொன்னியின் செல்வனில் இறந்துபோகும் மணிமேகலையைச் சாகவிடாத கதைகளை நான் இன்னும் தேடிப் படிக்கிறேன். அவளைப் பிழைக்க வைத்துவிட்டு உடனே வேறு யாருக்கோ கட்டிக்கொடுப்பவர்கள்மேல்தான் வருத்தம்.

ஒரே ஒரு கதைக்கரு மட்டும் எனக்கு உறுத்துகிறது. நாயகன் அவளை அறைவான், சந்தேகப்படுவான், வீட்டை விட்டு அனுப்புவான். பிறகு அழுது மன்னிப்புக் கேட்பான். இவ்வளவு பேர் இதை ஏன் படிக்கிறார்கள் என்பது தெரிகிறது. வெளியே கிடைக்காத அந்த மன்னிப்பு ஒரு அத்தியாயம் முழுக்கக் கிடைக்கிறது. அதற்காக இருபது அத்தியாயம் அடி வாங்கும் நாயகியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 1943லேயே புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ சிறுகதையில், சீதையை ராமன் தீக்குளிக்கச் சொன்னது தெரிந்ததும் அகலிகையை மறுபடி கல்லாக்கிவிட்டார். ராமாயணத்தின் அத்தனை மரியாதைக்கும் நடுவில் ஒரு பெண் அங்கே மன்னிக்காமல் நிற்கிறாள். நம் சீரியல் ஜோடிகளில் ஒருத்தியாவது வாசலில் நிற்கிறவனைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவதுபோல் யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள். இன்று ராத்திரியே படித்துவிடுகிறேன்.