கிரேக்க மணப்பெண்ணுக்கு உடை உடுத்துவது: கேள்வி பதில்

கேள்வி: நாட்டிய நிகழ்ச்சிக்காக ஒரு பெண்ணைக் கிரேக்க மணப்பெண்ணாக அலங்கரிக்க வேண்டும். வெள்ளைத் துணியைத் தோளில் பின் குத்திவிட்டால் போதுமா?

பதில்: வேண்டாம். அது பழங்காலச் சிலைகளின் உடை. 19ஆம் நூற்றாண்டுக் கிராமத்து மணப்பெண் அப்படி உடுத்தவில்லை. 'கிரேக்க மணப்பெண் உடை' என்று ஒன்றே ஒன்றும் கிடையாது. ஊருக்கு ஊர், தீவுக்குத் தீவு மாறும். ஓர் ஊரின் உடையை எடுத்தால் அதிலேயே நில்லுங்கள், கலக்காதீர்கள். கீழே சொல்வதெல்லாம் ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிக்கா கிராமங்களின் உடை.

கேள்வி: எதை முதலில் போடுவது?

பதில்: முதலில் ஃபூந்தி என்ற நீண்ட பருத்தி அங்கி. அடிவிளிம்பில் மட்டும் பட்டுநூல் வேலைப்பாடு நெருக்கமாக இருக்கும், சிவப்பு தூக்கலாக. மேலே வெறுமையாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். அந்தப் பகுதி எப்படியும் மறைந்துவிடும். அப்புறம் ட்சாக்கோஸ்: ரவிக்கை மாதிரி குட்டையானது, கைகளில் சரிகை வேலை. அதன்மேல் சிகூனி, அதாவது கையில்லாத வெள்ளைக் கம்பளி மேலங்கி. இது ஃபூந்தியைவிடக் குட்டையாகத்தான் இருக்க வேண்டும். கீழே இறங்கிவிட்டால், அந்தப் பெண் கல்யாணத்துக்கென்று உட்கார்ந்து தைத்த விளிம்பு முழுக்க மறைந்துபோகும். மேடையில் அப்படிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. கடைசியில் தலைக்குப் போலியா என்ற மெல்லிய நீளத்துணி, மார்புக்கு யோர்தானி. நம் காசுமாலையைப் பார்த்தவர்களுக்கு யோர்தானி சட்டென்று புரியும்.

கேள்வி: மணப்பெண் தானே உடுத்திக்கொள்ள முடியாதா?

பதில்: கனமும் அடுக்கும் அதிகம். உறவுப் பெண்களும் தோழிகளும் சுற்றி நின்று, அதற்கென்றே உள்ள பாட்டுகளைப் பாடிக்கொண்டு உடுத்திவிடுவார்கள். நீங்களும் இரண்டு பேரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெல்வெட் சட்டையும் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பியும் எந்த ஊர் உடை?

பதில்: அது அமாலியா உடை. 1837இல் கிரேக்கத்துக்கு வந்த ராணி அமாலியா அரண்மனைக்காக வகுத்தது. பிறகு நகரத்துப் பெண்களிடம் பரவியது. அட்டிக்கா சிகூனியோடு அந்தத் தொப்பி சேராது. இரண்டையும் நேரில் ஒப்பிட ஏதென்ஸில் பெனாகி அருங்காட்சியகம் இருக்கிறது.

கேள்வி: மலர்க் கிரீடத்தை எப்போது வைப்பது?

பதில்: அலங்காரத்தின்போது வைக்கக் கூடாது. ஸ்தேஃபானா இரட்டைக் கிரீடம். மணமகனுக்கொன்று, மணமகளுக்கொன்று, நடுவில் ரிப்பன் இணைத்திருக்கும். தேவாலயத்தில் சடங்கின்போதுதான் தலையில் ஏறும். கும்பாரோஸ் என்ற மாப்பிள்ளைத் தோழர் மூன்று முறை மாற்றி வைப்பார். அதுவரை ஒரு தட்டில் தனியாக வைத்திருங்கள்.