ஒரு டிம்மர், பல விளக்குகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: வரவேற்பறை ஃபால்ஸ் சீலிங்கில் 12 வாட் எல்இடி டவுன்லைட்டுகள் பன்னிரண்டு உள்ளன. 400 வாட் டிம்மர் பொருத்தியும், வெளிச்சத்தைக் குறைத்தால் துடிக்கின்றன, இரைச்சலும் வருகிறது. (நாகர்கோவில் வாசகர்)

ப: டிம்மரின் மேல் எழுதியிருக்கும் 400 வாட் குண்டு பல்புக்கான கணக்கு. எல்இடி விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டியான டிரைவர், மின்சாரத்தைச் சீராக இழுக்காமல், ஒவ்வொரு அரைச் சுற்றிலும் சட்டென்று உறிஞ்சுவதால், அதே டிம்மரில் ஏறக்குறைய நூறு வாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. எல்இடிக்கென்று தனி அளவு அச்சிடப்பட்டிருந்தால் அதுவே இறுதியானது. உங்களுடையது 144 வாட். ஆகவே இரண்டு குழுக்களாகப் பிரித்து, இரண்டு டிம்மர்கள் வையுங்கள். எல்இடிக்கு டிரெய்லிங் எட்ஜ் (மின்னலையின் பின்பகுதியை வெட்டும்) வகையே பெரும்பாலும் அமைதியாக வேலை செய்யும்.

ஆனால் அதற்கு முன்னால் விளக்குகளின் பெட்டியை எடுத்துப் பாருங்கள். அதில் ‘டிம்மபிள்’ (டிம்மருக்கு ஏற்றது) என்று இருக்கிறதா? இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன். இருந்தும் பெட்டியைப் படிக்காமல் வாங்கிவிட்டு, டிம்மரைக் குறை சொல்லும் கடிதங்கள் நின்றபாடில்லை. சென்ற ஆண்டு ஒரு வீட்டில் ஜிப்சம் பலகையில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்புக் கறை இருந்தது. மேலே கையை விட்டு டிரைவரை இழுத்தபோது, அந்தச் சிறு வெள்ளைப் பெட்டியின் ஓரம் உருகி, கருகிய நெடி அறை முழுவதும் பரவியது. எட்டு விளக்குகளில் இரண்டு பின்னர் வேறு கடையில் வாங்கியவை, டிம்மருக்கு ஏற்றவை அல்ல; கருகியது அவற்றில் ஒன்றின் டிரைவர்தான். ஒரு டிம்மரின் கீழ் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி விளக்குகள் மட்டுமே இருக்க வேண்டும். வாங்கும்போதே இரண்டு கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டால், பின்னால் வேறு மாதிரியைச் செருக நேராது.

கே: வீட்டில் சும்மா கிடக்கும் ஃபேன் ரெகுலேட்டரை விளக்குகளுக்குப் பயன்படுத்தலாமா? (தக்கலை)

ப: கூடாது. அது மோட்டாருக்கானது.

கே: மாடிப்படியின் மேலும் கீழும் இரண்டு டிம்மர்கள் வைத்து, நான்கு விளக்குகளையும் இரு பக்கமும் குறைக்க முடியுமா? (மார்த்தாண்டம்)

ப: சாதாரண டிம்மர்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் ஒன்றையொன்று குழப்பும். ஒரு முனையில் டூ-வே டிம்மரும், மறு முனையில் வழக்கமான டூ-வே சுவிட்சும் வையுங்கள். இரு முனையிலும் எரிக்கவும் அணைக்கவும் முடியும்; வெளிச்சத்தைக் குறைப்பது டிம்மர் உள்ள முனையில் மட்டும்தான்.

கே: விளக்குகள் சரியாக எரியவில்லை. என்ன செய்வது? (ஊர் இல்லை)

ப: எத்தனை விளக்குகள், எத்தனை வாட், குண்டு பல்பா எல்இடியா என்று எழுதாதவருக்கு என்னால் உதவ முடியாது.

கே: டிம்மரை நிறுத்திய பின்னும் இரவில் விளக்குகள் மங்கலாக ஒளிர்கின்றன. (சுசீந்திரம்)

ப: டிம்மர், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் இல்லாமல், திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் நிறுத்திய பின்னும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும், பல்பை மாற்றுபவரின் உயிருக்கே ஆபத்து. எம்சிபியை (மின்பலகையில் உள்ள பாதுகாப்பு சுவிட்சை) இறக்கி, டெஸ்டரால் சோதித்த பிறகே திறக்க வேண்டும். உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு ஃபேஸ் கம்பிக்கு மாற்றுங்கள். ஃபேஸிலேயே இருந்தால், போர்டில் உள்ள சிறு நியான் காட்டி விளக்கு வழியாகக் கசியும் மின்சாரம் காரணமாக இருக்கலாம்.

கே: கடற்கரையை ஒட்டிய வீடு. டிம்மரைத் திருகினால் சடசடக்கிறது. (குளச்சல்)

ப: உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூத்திருக்கும். எம்சிபியை இறக்கிவிட்டு, கம்பியின் பச்சை பிடித்த நுனியை வெட்டி, புதிய செம்பு தெரியச் சீவி இறுக்கச் சொல்லுங்கள். டிம்மரின் உட்புறமே அரித்திருந்தால் மாற்றிவிடுங்கள். தேய்த்துச் சரிசெய்து ஓட்டுவது தீயை அழைப்பதாகும்.

கே: கல்யாண மண்டபத்தில் 40 பேனல் லைட்டுகளை ஒரே குமிழால் குறைக்க வேண்டும். (குழித்துறை)

ப: சுவர் டிம்மரால் முடியாது. 1-10 வோல்ட் கட்டுப்பாட்டை (தனிக் கம்பியில் வரும் சிறு மின்னழுத்தத்தால் வெளிச்சத்தை மாற்றும் முறையை) ஏற்கும் டிரைவர்களை வாங்கி, மின்கம்பியோடு சேர்த்து ஒரு ஜோடி மெல்லிய கட்டுப்பாட்டுக் கம்பியையும் இழுத்தால், ஒரே குமிழ் அத்தனைக்கும் போதும். சீலிங் மூடும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும்.

கே: மின்வெட்டில் இன்வெர்ட்டரில் ஓடும்போது டிம்மர் விளக்குகள் ஆடுகின்றன. (தோவாளை)

ப: மின்னலையைச் சதுர வடிவில் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். வீட்டு மின்சாரம் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் வாங்கும்வரை, மின்வெட்டின்போது டிம்மர் இல்லாத விளக்கை மட்டும் எரியுங்கள்.