செடியின் வேதியியலைத் திருத்துதல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மரபணுத் திருத்தம் என்பது பெரும்பாலும் ஏதேனும் ஒரு மரபணுவை முடக்குவதுதான் என்று படித்தேன். ஒன்றை முடக்குவதால் செடியில் பயனுள்ள பொருள் எப்படிக் கூடும்?

பதில்: நீங்கள் படித்தது சரியே. எம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டௌட்னா ஆகிய இருவருக்கும் 2020ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத்தந்த கிரிஸ்பர் முறையில், வழிகாட்டி ஆர்.என்.ஏ. சுட்டும் இடத்தில் காஸ்9 என்னும் புரதம் டி.என்.ஏ.வை வெட்டுகிறது. அந்த வெட்டை உயிரணு ஒட்டும்போது சில எழுத்துகள் விடுபடுகின்றன அல்லது கூடுதலாகச் சேர்ந்துவிடுகின்றன. இதனால் பெரும்பாலும் அந்த மரபணு செயலிழக்கிறது. ஆனால் செடிக்குள் ஒரு சேர்மம் உருவாவது பல நொதிகள் அடுத்தடுத்துச் செய்யும் வேலை என்பதையும், அந்தப் பாதையில் கிளைகளும் தடுப்புகளும் உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் நீர் தேங்கும், அல்லது அடுத்த மடைக்குத் திரும்பும், இங்கும் அப்படித்தான்.

ஜப்பானில் 2021இல் விற்பனைக்கு வந்த, காபா (நரம்புகளின் பரபரப்பைத் தணிக்கும் அமினோ அமிலம்) மிகுந்த தக்காளி, தடுப்பை நீக்கியதற்கு உதாரணம். குளூட்டமேட்டைக் காபாவாக மாற்றும் நொதியின் வால்பகுதி, அந்த நொதியையே அடக்கிவைக்கும் இயல்புடையது. அந்த வால்பகுதி உருவாகாதபடி மரபணுவைத் திருத்தியதும் நொதி தடையின்றி இயங்கி, பழத்தில் காபா பல மடங்கு கூடியது. பிரிட்டனின் ஜான் இன்னஸ் மையத்தினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில் கையாண்ட வழி வேறு. வைட்டமின் டி3இன் முன்னோடிப் பொருள் தக்காளியில் இயல்பாகவே உருவாகிறது. ஆயினும் ஒரு நொதி அதை உடனுக்குடன் அடுத்த பொருளாக மாற்றிவிடுவதால் பழத்தில் அது சேர்வதில்லை. அந்த நொதியின் மரபணுவை முடக்கியபோது முன்னோடிப் பொருள் தேங்கியது. புறஊதா ஒளி பட்டதும் அதில் ஒரு பகுதி வைட்டமினாக மாறியது. ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் இன்னொரு நொதி தக்காளியில் இருப்பதால், செடியின் வளர்ச்சி குன்றவில்லை. இத்தகைய இரட்டை நொதி எல்லாச் செடிகளிலும், எல்லாப் பாதைகளிலும் அமைந்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது.

கேள்வி: நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள். இதே முறையில் அந்த மருந்துப் பொருளையும் அதிகரிக்கலாம் அல்லவா?

பதில்: ஆசை நியாயமானது, ஆனால் இந்தத் துறையின் மிகக் கடினமான கணக்குகளில் ஒன்றைத் தொட்டிருக்கிறீர்கள். நித்தியகல்யாணி தரும் புற்றுநோய் மருந்துகள் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலையும், ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க ஏறத்தாழ 2,000 கிலோ உலர்ந்த இலையும் தேவை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கேதரந்தின், விண்டோலின் என்னும் இரண்டு ஆல்கலாய்டுகள் (நைட்ரஜன் கொண்ட தாவரச் சேர்மங்கள்) இணைந்தே வின்பிளாஸ்டின் உருவாகிறது. இவற்றில் கேதரந்தினைச் செடி இலையின் மேற்பரப்பு மெழுகுப் படலத்துக்கு அனுப்பிவிடுகிறது. விண்டோலினோ இலைக்குள் இருக்கும் உயிரணுக்களில் தங்குகிறது. இரண்டையும் எவ்வளவு பெருக்கினாலும், அவை சந்திக்காதவரை மருந்து கூடாது. அதற்கு முந்தைய படிகளும் வெவ்வேறு வகை உயிரணுக்களில் பிரிந்து நடப்பதால், ஒரு நொதியைத் திருத்திவிட்டு முடிவில் பலனை எதிர்பார்க்க முடியாது. வேர்களை மட்டும் ஆய்வகத்தில் வளர்த்துப் பொருளை எடுப்பதும் இங்கே உதவாது. ஏனெனில் விண்டோலின் ஒளிபடும் இலையில்தான் உருவாகிறது.

இந்தச் சேர்மத்தைப் பொறுத்தவரை, செடியைத் திருத்துவதைவிடச் செடியின் மரபணுக்களை ஈஸ்ட்டுக்கு மாற்றும் வழியே முன்னே இருக்கிறது என்பது என் கருத்து. விண்டோலின், கேதரந்தின் இரண்டையும் ஈஸ்ட்டில் உருவாக்கி, பின்னர் வேதிமுறையில் இணைத்து வின்பிளாஸ்டின் பெற்ற ஆய்வு 2022இல் வெளியானது. மரபணுத் திருத்தத்தைப் பற்றிய செய்திகள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

கேள்வி: கசப்பையும் நச்சையும் நீக்கிவிட்டால், பூச்சிகளிடமிருந்து செடி தன்னை எப்படிக் காத்துக்கொள்ளும்?

பதில்: காத்துக்கொள்வது கடினம்தான், நமக்கு நச்சாகவோ மருந்தாகவோ தெரிகிற சேர்மங்களில் பல, செடிக்குப் பாதுகாப்புக் கருவிகள். மரவள்ளியில் இரண்டு மரபணுக்களைச் சேர்த்து முடக்கி, சயனைடு தரும் சேர்மங்களை அகற்றியிருக்கிறார்கள். உண்பவருக்கு இது பெரும் நன்மை. வயலில் அந்தச் செடி எவ்வாறு தாக்குப்பிடிக்கும் என்பதைத் தனியே சோதித்தாக வேண்டும். கடுகில் செய்தது இதைவிட நுட்பமான வேலை. கடுகின் காரத்துக்கு அடிப்படையான குளுக்கோசினோலேட்டுகள் விதையில் மிகுந்தால் பிண்ணாக்கு கால்நடைத் தீவனமாகப் பயன்படுவது குறைகிறது. அவற்றைத் தயாரிக்கும் நொதிகளை விட்டுவிட்டு, அவற்றை விதைக்குக் கடத்தும் புரதங்களின் மரபணுக்களை மட்டும் ஆய்வாளர்கள் திருத்தினர். விதையில் அளவு குறைந்தது. இலையில் பாதுகாப்பு எஞ்சியது. உற்பத்தியைத் தொடாமல் போக்குவரத்தை மாற்றும் இந்த அணுகுமுறைக்கு இன்னும் கூடுதல் கவனம் கிடைத்திருக்க வேண்டும்.

கேள்வி: திருத்தப் பயன்படும் காஸ்9 மரபணு, நாம் உண்ணும் பொருளிலும் எஞ்சியிருக்குமா?

பதில்: விதைவழிப் பயிர்களில் அதை நீக்குவது எளிது. திருத்தம் ஓரிடத்திலும் காஸ்9 மரபணு வேறோர் இடத்திலும் அமைந்திருப்பதால், அடுத்த தலைமுறை நாற்றுகளில் திருத்தம் மட்டும் உள்ளவற்றைத் தேர்ந்துகொள்கிறார்கள். கிழங்காலும் தண்டாலும் பெருக்கப்படும் உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்றவற்றில் விதைவழித் தலைமுறைக்குப் போனால் அந்த ரகத்தின் மற்றப் பண்புகள் கலைந்துவிடும். ஆகவே மரபணுவைச் செருகாமல், காஸ்9 புரதத்தையும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வையும் சுவர் நீக்கிய உயிரணுக்குள் நேரடியாகச் செலுத்தும் முறை உண்டு. வேலை முடிந்ததும் அவை சிதைந்துவிடுகின்றன. அந்த ஒற்றை உயிரணுவிலிருந்து முழுச் செடியை மீட்டெடுப்பதுதான் பல பயிர்களில் இன்னும் கைகூடாத பகுதி.