காய்ச்சல் விட்டாலும் உடம்பு தேறவில்லையே, ஏன்? (கேள்வி பதில்)

சேலம் அம்மாப்பேட்டையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். வைரஸ் காய்ச்சல் போன பிறகும் விடாத தொந்தரவுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டாக்டரம்மா, சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வேலை, வயது 47. சிக்குன்குனியா வந்து 4 மாதம் ஆச்சு. காலையில் இடுக்கியைப் பிடிக்க முடியவில்லை. அதே காய்ச்சல் வந்த என் தம்பி 10 நாளில் எழுந்துவிட்டான். எனக்கு மட்டும் ஏன்?

தம்பிக்கு என்ன வயது, முதல் வாரத்தில் அவருக்கு எத்தனை மூட்டு வீங்கியது என்று பாருங்கள். பாதி விடை அதில் இருக்கிறது. 40 தாண்டியவர்கள், பெண்கள், தொடக்கத்திலேயே பல மூட்டுகளில் கடுமையாக வலித்தவர்கள், முன்பே மூட்டுவலியோ சர்க்கரையோ உள்ளவர்கள், இவர்களுக்குத்தான் வலி நீடிக்கிறது. வைரஸ் ஒரு வாரம் போல ரத்தத்தில் இருந்துவிட்டுப் போய்விடும். அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சண்டைதான் மூட்டுக்குள் ஓயாமல் நடக்கிறது.

இப்படி வருபவர்களைக் கையை இறுக்கி மூடச் சொல்லிப் பார்ப்பேன். விரல் நுனி உள்ளங்கையைத் தொடாமல் ஒரு விரல் அகலத்தில் நின்றுவிடும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, மெதுவாக மூடித் திறங்கள். அசைக்காமல் வைத்தால் இன்னும் இறுகும். 3 மாதம் தாண்டிவிட்டதால் மூட்டுவாத மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். முடக்குவாதமும் இதே மாதிரிதான் இருக்கும், ரத்தப் பரிசோதனை செய்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். மருந்துக்கடையில் நீங்களாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை, வயது 34. கோவிட் வந்து 5 மாதம். ஒரு நாள் பழம் பறித்தால் அடுத்த 2 நாள் படுக்கைதான். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள்.

இந்தப் பதிலை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். ஆஸ்திரேலியாவில் டப்போ ஊர்ப்பக்கம் தொற்றுக் காய்ச்சல் வந்த 253 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். 6 மாதம் கழித்தும் நூற்றுக்கு 12 பேர் அசதியிலிருந்து மீளவில்லை. அதை முன்கூட்டிக் காட்டியது முதலில் வந்த நோயின் கடுமைதான். அவர்களுடைய மனநிலையோ குணமோ இல்லை. கோவிட்டில் பெண்களுக்கும், பருமன், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், தடுப்பூசி போடாதவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது.

உழைத்த மறுநாள் மொத்தமாகச் சாய்வது இந்த நோயின் முக்கியமான அடையாளம். "பழகினால் சரியாகிவிடும்" என்று யாராவது உங்களை மலையேற்றினால் எனக்குக் கோபம் வரும். எவ்வளவு வேலை செய்தால் மறுநாள் விழாமல் இருக்கிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஒரு கூடை நிரப்பினால் விழுகிறீர்கள் என்றால் அரைக் கூடையோடு நிறுத்துங்கள். அப்புறம், ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் சோதித்துவிடுங்கள். அவற்றாலும் அசதி வரும், மருந்தும் இருக்கிறது.

டெங்கு வந்து 2 மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது.

கடும் காய்ச்சலுக்குப் பின் 2, 3 மாதத்தில் இப்படிக் கொட்டுவது வழக்கம். வேர் சாகவில்லை, திரும்ப வளரும். முட்டை, பயறு, கீரை சாப்பிடுங்கள். எண்ணெய்க்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

மகனுக்குச் சளிக் காய்ச்சல் போய் 3 வாரமாகியும் வறட்டு இருமல். ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

வேண்டாம். இந்த இருமல் 8 வாரம்கூட இழுக்கும். தூசியும் புகையும் இருக்கும் வீடாக இருந்தால் இன்னும் இழுக்கும். ஆனால் சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் நாளைக்கே அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய்க்கு அங்கே இலவசமாகப் பார்க்கிறார்கள்.