முதல் ஷீட் மட்டும் சரியாக வருகிறதா?

கேள்வி: 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் (தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம்) போடும் பேஸ்மேக்கர் ஸ்பீட் கிராஃபிக் கேமராவில் ஏரோ எக்டார் லென்ஸ் மாட்டியிருக்கிறேன். ஆறு ஷீட் பிடிக்கும் பழைய கிராஃப்மேட்டிக் மேகசின் ஒன்று வாங்கினேன். முதல் ஷீட் அருமையாக வருகிறது. இரண்டாவதிலிருந்து நெகட்டிவ் கறுத்துப்போய் இரட்டை உருவம் விழுகிறது. நடுவில் ஷீட்டைத் தாங்கும் உலோகத் தகடு ஒன்று சிக்கவும் செய்கிறது. மேகசினில் வெளிச்சம் கசிகிறதா?

பதில்: கசிந்தால் ஓரத்தில் புகை படிந்ததுபோல் கறுக்கும், அவ்வளவுதான். உருவமே விழுகிறது என்றால் வெளிச்சம் லென்ஸ் வழியாகத்தான் வந்திருக்கிறது. மேகசின் மேல் பழி வேண்டாம்.

ஏரோ எக்டார் வான்படக் கேமராவுக்காகச் செய்த லென்ஸ். அதற்கென்று ஷட்டர் கிடையாது. கேமராவின் பின்பக்கம் இருக்கும் திரை ஷட்டரைத்தான் நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். அது திறப்புகள் வெட்டிய நீளமான துணித் திரை. ஷட்டரை அழுத்தினால் திறப்பு ஃபிலிமைக் கடந்து ஓடும். திரையைச் சுற்றும் சாவியைத் திருகி மறுபடி ஏற்றும்போது அதே திறப்பு அதே வழியாகத் திரும்பும். அப்போது அதை மூட எதுவும் இல்லை. கையால் திருகும் வேகத்தில் போவதால் வெளிச்சமும் தாராளமாக விழும்.

சாதாரண ஹோல்டரில் இது தெரியாது, ஏனென்றால் ஃபிலிமை மறைக்கும் டார்க் ஸ்லைடைப் போட்ட பிறகுதான் திரையை ஏற்றுவோம். மேகசினில் முதல் ஷீட்டுக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு. அப்புறம் ஷீட்டை மாற்ற மேகசினின் உள்பெட்டியான டிராயரை இழுத்துத் தள்ளியதுமே அடுத்த ஷீட் மறைப்பில்லாமல் முன்னால் வந்து நிற்கிறது. நீங்கள் அதற்குப் பிறகு சாவியைத் திருகுகிறீர்கள்.

மருந்து லென்ஸ் மூடிதான். படம் எடுத்ததும் மூடியைப் போடுங்கள், டிராயரை இழுத்துத் தள்ளுங்கள், திரையை ஏற்றுங்கள், பிறகு மூடியை எடுங்கள். அவசரமான வேலைக்கு இது எரிச்சல்தான். ஷட்டர் உள்ள லென்ஸுக்கு மாறினால் தொல்லை குறையும். பின்திரையைத் திறந்த நிலையில் விட்டுவிட்டு, டிராயரை இழுக்கும்போது முன் ஷட்டர் மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

தகடு சிக்குவது வேறு பிரச்சினை. ஆறு தகடுகளையும் வெளியே எடுத்துத் தட்டையான கண்ணாடி மேல் ஒவ்வொன்றாக வையுங்கள். மூலை தூக்கினாலும், ஃபிலிமைப் பிடிக்கும் ஓர மடிப்பு நசுங்கியிருந்தாலும் சிக்கத்தான் செய்யும். லேசான வளைவை விரலால் மெதுவாக நிமிர்த்தலாம். மடிப்பு கிழிந்த தகட்டை ஒதுக்கிவிடுங்கள், ஒட்டுப்போட வேண்டாம். பிறகு வெறும் தகடுகளோடு வெளிச்சத்தில் பல முறை இழுத்துப் பாருங்கள், அடுத்து வீணான ஃபிலிமோடு. இழுப்பு நேராக, ஒரே சீராக, கடைசி வரை போக வேண்டும். பாதியில் நின்று திரும்புவதுதான் தகடுகளைக் கெடுக்கிறது.

இருட்டில் ஏற்றும்போது ஷீட் இரண்டு பக்க மடிப்புக்குள்ளும் போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஷீட்டை நெட்டாகப் பிடித்து அதன் ஓரத்தில் உள்ள வெட்டுக்குறி மேல் வலது மூலையில் இருந்தால் எமல்ஷன் (ஒளி உணரும் பூச்சு) உங்களைப் பார்க்கிறது. அச்சுவேலைக்கான மெல்லிய லித் ஃபிலிம் மடிப்பிலிருந்து எளிதில் நழுவும். இரண்டு பக்கமும் எமல்ஷன் பூசிய எக்ஸ்ரே ஃபிலிம் கீறிவிடும். இரண்டையும் சாதாரண ஹோல்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மேகசின் வாங்குவதாக இருந்தால் 'கிராஃப்லெக்ஸ்' என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம், அது கம்பெனியின் பெயர், அதன் ரிஃப்ளெக்ஸ் கேமராக்களின் பெயரும்கூட. அதே கம்பெனியின் ரிஃப்ளெக்ஸ் கேமராக்களுக்கான மேகசின் உங்கள் கேமராவில் சரியாக உட்காராது. பல ஷீட் அடங்கிய ஃபிலிம் பேக்கை மாட்டும் அடாப்டர் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள், அதற்கான ஃபிலிமை இப்போது யாரும் தயாரிப்பதில்லை.